சென்சாருக்கு வைத்த சந்தனம்

முத்தையாபுரம்,
ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளை சிவபாலன் அவர்களுக்கு மாமன் வீரபாகு எழுதுவது.

செந்தூர்பாண்டியைத் திங்கட்கிழமை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். நீங்களும் மகள் ஐஸ்வர்யாவும் ஓசூரில் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் அத்தை சீனித்தாய் சுகம். ஐந்து நாளாக என்னோடு பேசுவதில்லை, அந்த வகையில் எனக்கும் சுகம்தான்.

மனுஷனைத் திட்டாதீர்கள் மாமா, தப்பு நடக்கவே முடியாதபடி வேலையை அமையுங்கள் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள். கார் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் சொல்கிறாரே என்று கேட்டுக்கொண்டேன். நம் பட்டறையில் செய்யும் படகு இன்ஜின் புஷ், அந்தப் பித்தளை வளையத்துக்கு, எண்ணெய் இறங்கப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வேண்டும். பதினெட்டு வருஷமாகச் செந்தூர்பாண்டி ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவான். நீங்கள் முகம் சுளித்து, அதற்கு ஒரு சென்சார் மாட்டினீர்கள். ஓட்டை இருந்தால் அந்த இடம் இருட்டு, பச்சை விளக்கு. இல்லாவிட்டால் பித்தளை மினுங்கும், சிவப்பு எரிந்து மெஷின் நின்றுவிடும். இனி யாரும் ஊதக் கூடாது என்று சுவரில் எழுதியும் ஒட்டினீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவன் நான். ஒற்றை லேத்தோடு தொடங்கிய நாளிலிருந்து வேறு யாரையும் விட்டதில்லை. போன வெள்ளி சென்சாரைப் பார்த்தேன். அதை மட்டும் எப்படி விடுவது? நல்ல தாராளமாக, நட்டநடுவில், அது பார்க்கும் கண்ணாடி மேலேயே வைத்தேன். அதற்கப்புறம் அதற்கு எல்லாமே இருட்டு, எல்லாவற்றுக்கும் பச்சை. சனிக்கிழமை துளை போடும் பிட் நுனி ஒடிந்து, மெஷின் அது பாட்டுக்கு இறங்கி ஏற, நூற்றெண்பது புஷ் ஓட்டையே இல்லாமல் படகு சாமான் விற்கும் தருவைகுளம் ஜோன்ஸ் கடைக்குப் போய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம், படகெல்லாம் அவருக்காகக் காத்து நின்றன.

திங்கள் காலை பெட்டியைத் திருப்பி அனுப்பிய ஜோன்ஸ், சாயங்காலம் போனில் சொன்னார்: "அண்ணாச்சி, எண்ணெய் எந்த வழியா போவும்? படகு நடுக்கடல்ல நின்னா நீங்க வந்து தள்ளுவியளா? இனிமே செந்தூர்பாண்டி பாத்து அனுப்புனா எடுப்பேன். இல்லைனா வேற பட்டறை."

அதற்குள் அவனை நிறுத்தியிருந்தேன். நடந்தது இதுதான்.

"ஏலே, ஒண்ணையாவது ஊதிப் பாத்தியா?"

"ஊதக் கூடாதுன்னு மாப்பிள்ளை சுவத்துல எழுதிருக்காவ அண்ணாச்சி. பச்சை எரிஞ்சுது, போட்டேன். சந்தனத்த அப்பவே பாத்தேன்."

"பாத்துட்டு ஏம்ல தொடைக்கல?"

"நீங்க வச்சத நான் எப்படித் தொடைக்க? போன வருசம் லேத்துல தொடைச்சதுக்கு மூணு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிருந்தியளே."

பதில் சரியாக இருந்தது. அதனால்தான் நிறுத்தினேன். முதலாளியை நிறுத்த உங்கள் படிப்பில் வழி இருந்தால் எழுதுங்கள். ஜோன்ஸ் போனால் பட்டறை ஆறு மாதம் தாங்காது. தாங்காவிட்டாலும் அது என் பட்டறை. சென்சாரைக் கழற்றி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துப் போங்கள்.

திருச்செந்தூர் முருகன் அருளால் உங்கள் இருவருக்கும் எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக அமையட்டும்.

இப்படிக்கு,
வீரபாகு

பி.கு.: உறையை ஒட்டுமுன் செந்தூர்பாண்டி வீட்டுக்குப் போய் வந்தேன். நீங்கள் வர வேண்டாம். சென்சாரைத் திரும்ப மாட்டச் சொல்கிறான். "மெஷினுக்கு மாப்பிள்ளை வழி பண்ணிட்டாவ அண்ணாச்சி, உங்களுக்கு நான் பண்ணுதேன்" என்றான். பேசி முடித்தது: சம்பளம் இனி மாதம் இருபத்தாறாயிரம், நிறுத்திய நாட்களுக்கும் சேர்த்து, பட்டறைச் சாவி அவனிடம், வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை அவன் வைப்பான், நான் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.