நீலம் சந்தேகம்

அரைகுறையாகப் படித்தவனால் ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆபத்து கிடையாது. அப்போதுதான் முழுதாகப் படித்து முடித்து வந்தவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2006-ல் நான் இரண்டாவது ரகம்.

கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்த கையோடு, சிவகாசிப் பக்கம் அச்சங்குளத்தில் சித்தப்பா நடத்திய பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தேன். அந்தத் தீபாவளிக்குப் புதிதாக ஒரு புஸ்வாணம் செய்யும் பொறுப்பை அவர் என்னிடம் கொடுத்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று எரிந்து, கடைசியில் ஒரு வெடிச்சத்தத்தோடு முடிய வேண்டும். (வேறு எதையும் என்னை நம்பிக் கொடுக்க அவருக்குப் பயம்.)

கல்லூரியிலிருந்து லீன், அஜைல் என்று இரண்டு சொற்களைக் கொண்டுவந்திருந்தேன். வீண் வேலையை வெட்டுவது லீன். பொருள் முழுமையாகும்வரை காத்திராமல், செய்தவரை வாங்குபவரிடம் காட்டி, கேட்டுத் திருத்துவது அஜைல்.

முதல் வேலையாகத் தினமும் காலையில் எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிற்கவைத்துக் கூட்டம் போட்டேன். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், என்ன தடை என்று மூன்று கேள்விகள். திரி சொருகும் பெண்களில் மூத்தவரான பேச்சியம்மாள் நிதானமாகப் பதில் சொன்னார்.

"நேத்துத் திரி சொருகுனேன் தம்பி. இன்னைக்கும் திரிதான் சொருகணும். தடைன்னா, இங்கன நிக்கிறதுதான்."

அதையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினேன்.

அடுத்தது வீண் வேலை. ஒவ்வொரு லேபிளுக்கும் கணக்கர் சண்முகவேல் அண்ணாச்சி பஸ் ஏறி சிவகாசி அச்சகத்துக்குப் போய் ப்ரூஃப் பார்த்து வருவார். அரை நாள் போய்விடும். அதை நிறுத்தினேன். அப்படியானால் தப்பை யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். முதலிலேயே சரியாகச் செய்தால் பார்க்கத் தேவையில்லை என்று விளக்கினேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வார முயற்சியில் சிவப்பும் பச்சையும் வந்தன. வெடி வெடிக்கவே இல்லை. நீலம் தனக்குத் தோன்றினால் வந்தது. இருக்கட்டும், ஒரு லோடு மட்டும் அனுப்பி வாங்குபவர் கருத்தைக் கேட்போம் என்று முடிவு செய்தேன். மறந்துவிடக் கூடாதே என்று, 'சத்தம் வராது. நீலம் சந்தேகம்' என மஞ்சள் சீட்டில் எழுதி லேபிள் படத்தின் மூலையில் ஒட்டினேன். பிறகு மறந்துவிட்டேன். சீட்டோடு படம் அச்சகம் போனது. "உள்ளபடியே அடிங்க" என்று போனிலும் சொன்னேன். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அந்த இரண்டு வரியையும் மஞ்சள் நட்சத்திரத்துக்குள் அழகாகப் போட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள்.

சரக்கைத் தேக்கிவைப்பதும் வீண் என்பதால் லேபிள் வந்த அன்றே பெட்டி கட்டி லோடு கிளம்பியது. மறுநாள் விருதுநகர் மொத்த வியாபாரி சித்தப்பாவுக்குப் போன் செய்தார். இத்தனை வருட யாவாரத்தில் தன் குறையைத் தானே அச்சடித்து அனுப்பிய கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறாராம்.

சித்தப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் பேச்சியம்மாளிடம் போனேன். பெட்டி கட்டும்போது ஒருத்தர்கூடவா வாசிக்கவில்லை?

"வாசிச்சோமே. போர்டுல நீங்க எழுதிப் போடுத மாதிரியே இருந்துச்சு. நம்ம தம்பி உண்மையத்தான எழுதியிருக்காகன்னு கட்டிட்டோம்."

நாலு நாள் கழித்து, மன்னிப்புக் கேட்க சித்தப்பா என்னை விருதுநகருக்கு இழுத்துப்போனார். மிளகாய் வற்றலும் விற்கிற கடை அது; மூட்டைகளுக்கு நடுவே நின்றதால், மன்னிப்பைத் தும்மல்களுக்கு இடையில்தான் கேட்க முடிந்தது. வியாபாரி கையமர்த்தினார். கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்களும், மாடு கன்று போடக் காத்திருப்பவர்களும், சத்தம் வராத பட்டாசு என்று அதைத்தான் தேடி வாங்கிப் போகிறார்களாம்.

"இன்னொரு லோடு அனுப்புங்க. நீலத்தப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

வாங்குபவர் கருத்து கிடைத்துவிட்டது என்று சித்தப்பாவிடம் சொல்லப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் பலகை இறங்கியது. ப்ரூஃப் பார்க்கும் வேலை அண்ணாச்சிக்கே திரும்பியது. அவருக்கு உதவியாளன் நான்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபையும் அவர்தான் பார்த்தார். என் பெயருக்குப் பின்னால் இருந்த எம்.பி.ஏ.வை மட்டும் அடித்தார்.

"எதுக்கு தம்பி? பொண்ணு வீட்டுக்காரங்க பயந்துருவாக."

பத்திரிகை அப்படியே அச்சானது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அதை எடுத்துக் காட்டுகிறாள். "இவுக படிச்சவுகன்னே எங்ககிட்டச் சொல்லல. தெரிஞ்சிருந்தா எங்கய்யா யோசிச்சிருப்பாக" என்கிறாள்.