கார்பன் பாயும் எங்கப்பாவின் அடக்கின சிரிப்பும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கலரைப் பரம எதிரியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் கார்பன் பாய்தான். போத்தனூரில் எங்கள் தெருமுனை மாடியில் போட்டோ பிரிண்ட் போடும் கடை வைத்திருந்தார். அவருக்கு அவர் வீட்டில் வைத்த பெயர் என்னவென்று தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

ஊரெல்லாம் இங்க்ஜெட் பிரிண்டரில் சிவப்பு, நீலம், மஞ்சள் ஊற்றுவார்கள். இவர் அத்தனையையும் கழுவிக் கொட்டிவிட்டு எட்டு டப்பாவிலும் கறுப்பையே ஊற்றினார். முதல் டப்பாவில் கெட்டிக் கறுப்பு, அடுத்ததில் கொஞ்சம் நீர்த்தது என்று போய், எட்டாவது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். "எல்லாம் கரித்தூள் மையிங்க தம்பி. சாயம்னா வெளுக்கும். கரி வெளுத்து எங்கீங்க பாத்திருக்கீங்க?" என்பார். கரி அடியில் தங்கிவிடும் என்று தினமும் காலையில் அரை மணி நேரம் பாட்டில்களைக் குலுக்குவார். அப்போது யார் சலாம் சொன்னாலும் பதிலுக்குத் தலை மட்டும்தான் ஆடும்.

மொட்டை மாடியில் இன்னொரு கூத்து. பிரிண்ட் துண்டுகளில் பாதியை அட்டையால் மூடி, பாதியை வெயிலில் காயப்போட்டு, வெளுக்கிறதா என்று மாதக்கணக்கில் பார்ப்பார். ஒரு நாள் காக்கா ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. மனுஷர் தெருவில் இறங்கி ஓடினார். "அரை வருஷத்து வெயில் போச்சுங்களே!" என்று அவர் புலம்பியதைக் கேட்டு, நகைதான் போய்விட்டதோ என்று நாலு பேர் கூடவே ஓடினார்கள்.

அவிநாசியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். கறுப்பு வெள்ளை என்றதும் பெண்ணின் அம்மா முகம் சுளித்தார். பாய் விடவில்லை. "கலர் கொஞ்ச வருஷத்துல போயிருமுங்க. மாப்பிள்ளை மூஞ்சி நிக்கோணுங்களா, சேலைக் கலர் நிக்கோணுங்களா?"

"சேலைதானுங்க!" என்றார் அந்த அம்மா, யோசிக்காமல். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், பாவம்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் நின்றதற்குக் காரணம் எங்கப்பா. அப்பா போனபோது அவசரத்தில் போட்ட கலர் படம் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தது. மூன்று வருஷ வெயிலில் முகம் ரோஸாகி, மூக்கே காணாமல் போய்க்கொண்டிருந்தது. படம் எடுத்த போனும் தொலைந்துவிட்டது. வேறு படமே கிடையாது. "ஒருக்கா போனவரு மறுக்காவும் போறாரு கண்ணு" என்று அம்மா தினமும் அதன்முன் நின்று சொல்வார். அடுத்த தெவசத்துக்குள் அப்பாவை மீட்டாக வேண்டும்.

பாய் படத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் தரவில்லை. போன் மட்டும் வரும்.

"எடது புருவத்துல இருக்கறது தழும்புங்களா, தூசுங்களா?"

"தழும்புங்க. மோட்டார் பெல்ட்டு அடிச்சது."

"செரி, இருக்கட்டும். வாயோரத்துல ஒரு கோணல் இருக்குதுங்களே, கோவமுங்களா, சிரிப்புங்களா? தெரிஞ்சாத்தான் அந்த எடத்துல கறுப்பு எவ்வளவுன்னு முடிவு பண்ண முடியும்."

"சிரிப்புதானுங்க. அடக்கின சிரிப்பு."

"அப்ப இதுவரைக்கும் போட்ட முப்பது பிரிண்ட்டையும் கிழிச்சுப்போட வேண்டியதுதானுங்க" என்று போனை வைத்துவிட்டார். அட ஆண்டவனே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

தெவசத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தாயிற்று. படத்தைக் காணோம். பதினொரு மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. இரண்டு அட்டைக்கு நடுவே அப்பாவைக் கட்டிக்கொண்டு பாய் வந்து இறங்கினார். "கண்ணாடி போட்டா கறுப்பு செத்துருமுங்க, அதனால போடலை. ஆரும் தொடக்கூடாது, மூச்சுக்கூடப் படக்கூடாது" என்று ஊரையே தள்ளி நிற்கவைத்துவிட்டுப் படத்தை வைத்தார்.

அப்பா திரும்பி வந்திருந்தார். தழும்பு, நெற்றித் திருநீறு, வாயோரத்துக் கோணல், எல்லாம். "அடக்கிக்கிட்டுச் சிரிக்கறதப் பாரு" என்று அம்மா அழுதார். அழுதுகொண்டே கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்டு அப்பா நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். எல்லா வீட்டிலும் கண்ணாடிமேல் வைக்கிற பொட்டு. கை பழக்கத்தில் போய்விட்டது. ஈரச் சந்தனம் காகிதத்தில் ஊறி, கறுப்பைக் கலக்கிக்கொண்டு கீழே இறங்கியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரிண்ட்டில் நகம் பட்டதற்கே ஒரு ஆளை மாடிப்படி வரை துரத்தியவர் பாய்.

"உடுங்க தம்பி" என்றார் மெதுவாக. "அம்மா வெச்சுப்போட்டாங்க."

மறுவாரம் கேட்காமலேயே புதுசாக ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். அம்மா மாற்றச் சம்மதிக்கவில்லை. "வேண்டாமுங்க பாய். நான் பொட்டு வெச்சது இவருக்குத்தான். இவரே இருக்கட்டும்." அவர் வாதாடாமல் எடுத்துக்கொண்டு போனதே எனக்கு அதிசயம்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். பிரிண்டருக்கு மேலே, சுவரில், எங்கப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். படம் வாங்க வந்த ஒருத்தர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க பாய், திருநீறெல்லாம் வெச்சிருக்காரு, ஆருங்க இவரு?"

பாய் நான் வந்ததைப் பார்க்கவில்லை. பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே, "எங்கண்ணனுங்க" என்றார்.

கேட்க வந்தது எனக்கு மறந்துபோயிற்று. கிளம்பும்போது, "வாரேனுங்க சித்தப்பா" என்றேன்.