எட்டுப் பேருக்கு ஒரு தனிப் பயணம்

"நமக்கு எத்தனை மணிக்கும்மா ஃப்ளைட்டு?" என்று மாமியார் கேட்டபோது பாட்டு டீச்சர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். துப்புவதா விழுங்குவதா என்று புரியாமல் நுரையில் பாதியை விழுங்கியே விட்டாள்.

முந்தின நாள்தான் கணவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"என்னங்க, இந்த லீவுக்கு நான் மட்டும் தனியா ஒரு மூணு நாள் எங்கயாவது போய்ட்டு வந்துடறேன். யாரும் சிரமப்பட வேணாம்."

அவன் சட்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததைப் பிரித்தான். மறுபடி மடித்தான். "சரி, பாக்கலாம்" என்றான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆனவள் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

"நமக்கா, அத்தை?" என்றாள் இப்போது, வாயைத் துடைத்துக்கொண்டு.

"பின்னே? உன்னைத் தனியா அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருப்பேனா? நானும் வரேன், அவனும் வரான். பேச்சு முடிஞ்சுது."

பாட்டு டீச்சர் வேலை பார்த்தது ஒரு சர்வதேசப் பள்ளியில். சின்ன வகுப்புகளுக்குச் சங்கீதம். இருபது நாட்டுக் குழந்தைகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் புல்லாங்குழல். மொழி வேறு, சாப்பாடு வேறு, நிறம் வேறு என்றாலும் ஒரு விஷயத்தில் அத்தனை பேரும் ஒற்றுமை. ஒருவருக்கும் தாளம் வராது. காலை மணி அடித்ததிலிருந்து சாயந்திரம் வரைக்கும் பீப்பீதான். வீட்டுக்கு வந்தால் மாமியாரின் டிவி. அதற்கு மேலே குரலை ஏற்றிப் போனில் பேசும் கணவன். அவளுக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். மூன்று நாளைக்குக் காது காலியாக இருந்தால் போதும்.

அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம். நாலு நாள் லீவு விட்டால் போதும், ஆசியா முழுக்கச் சிதறிவிடுவார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போய் உப்பு வாங்கி வருவதுபோல் பக்கத்து நாட்டுக்குப் போய்வருவார்கள். அதிலும் கணக்கு வாத்தியார் கட்டைப் பிரம்மச்சாரி. ஒரு தோள்பையோடு போவார், திங்கட்கிழமை மூக்குத்தோல் உரிய வந்து நிற்பார். "ஒரு தீவு, ஒரு புஸ்தகம், நான். அவ்வளவுதான் மிஸ்" என்பார். பாட்டு டீச்சருக்கு வயிறு எரியும்.

அவளும் போகாமல் இல்லை. நாலு தடவை போயிருக்கிறாள். நாலு தடவையும் தனியாகப் போகிறேன் என்றுதான் ஆரம்பித்தாள், நாலு தடவையும் ஊர்வலமாகத்தான் போனாள். தீவுக்குப் போனபோது மாமியார் கொண்டுவந்த குக்கர் அடித்த விசிலில் விடுதிக்காரர் தீயணைக்கும் உருளையோடு ஓடி வந்தார். பழைய கோயில் நகரத்தில் கணவனின் சித்தப்பா சுற்றுலா பஸ்ஸில் விட்ட குறட்டையை வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்து எடுத்துப் போனார்கள். மலையூரில் சூரிய உதயத்தை அவள் பார்க்கவே இல்லை. "அண்ணி, கொஞ்சம் தள்ளுங்க, சூரியனை மறைக்கிறீங்க" என்று நாத்தனார் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். படகு நகரத்தில் நாத்தனார் வீட்டுக்காரர் பேரம் பேசி முடிப்பதற்குள் படகே போய்விட்டது.

இந்தத் தடவை அவள் பார்த்து வைத்திருந்தது ஓர் ஏரிக்கரை விடுதி. அங்கே மெல்லத்தான் பேச வேண்டுமாம். போன் எடுக்காதாம். படத்தில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி கிடந்தது. ஒரே ஒரு நாற்காலி. அதைப் பார்த்துத்தான் மயங்கினாள்.

அன்று சாயந்திரமே மாமியாரிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தை, அங்க ரோட்டுலேர்ந்து விடுதிக்கு முந்நூறு படியாம். உங்க முட்டிக்கு ஆகாதே."

"முந்நூறா?" மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டார். முகம் ஒரு கணம் பளிச்சென்று ஆனது. அப்போது உள்ளறையிலிருந்து கணவன் தொண்டையைச் செருமினான். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படிதானே? கொழுந்தனையும் கூட்டிக்கிட்டாப் போச்சு. கையைப் பிடிச்சு ஏத்திவிடட்டும்."

கொழுந்தன் என்றால் சித்தப்பாதான். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓய்வு அவருக்குத்தான், குரலுக்கு இல்லை. மறுநாள் பையோடு வந்து இறங்கி, இரண்டாவது மாடி ஏறிய களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாடி, அண்ணியை ஏத்திவிட வேண்டியது... என் பொறுப்பு. எனக்கு... மலைன்னா உசுரு."

"மூச்சு விட்டுக்குங்க மாமா. ஆனா அங்க டிவி கிடையாது. அந்த மூணு நாளும் மேட்ச் வேற இருக்கே?"

சித்தப்பா கண்ணை மூடினார். துக்க வீட்டில் மூடுவதுபோல் மூடினார்.

"மேட்ச் கெடக்குது போ. குடும்பத்தைவிடவா?" என்றவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு தொடர்ந்தார். "டிவி இல்லன்னா என்ன, பாட்டுக்குப் பாட்டு வெச்சுக்குவோம்! டீச்சரே நம்ம கைல இருக்கா!"

"மெல்லத்தான் பேசணுமாம் மாமா."

"நான் எப்பம்மா சத்தமாப் பேசினேன்?" என்றார் அவர். மேல்வீட்டில் ஜன்னல் சாத்தும் ஓசை கேட்டது.

பாட்டுக்குப் பாட்டு என்றால் இரண்டு கட்சி வேண்டுமே. நாலு பேர் எப்படிப் போதும்? அன்றைக்கே நாத்தனார் போன் செய்துவிட்டாள்.

"என்ன அண்ணி, எங்களைக் கழட்டிவிட்டுட்டுப் போகலாம்னு பாத்தீங்களா? நானும் அவரும் லீவு சொல்லியாச்சு."

"உங்களுக்கு ஆபீசுல வேலை தலைக்கு மேல இருக்குன்னீங்களே?"

"இருக்குதான்." நாத்தனார் குரல் கொஞ்சம் கம்மியது. "அதுக்காக உங்களை விட்டுட முடியுமா?"

ஆறு பேர் ஆயிற்று. ஏரியை மனசுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு, பாட்டு டீச்சர் அதைக் கைகழுவினாள். ஊரையே மாற்றிவிட்டால்? வீட்டில் ஒருவருக்கும் குளிர் ஆகாது. ஏசி போட்டாலே மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

"ஏரி வேணாம்னு தோணுது. பனி கொட்டுற ஊருக்குப் போகப் போறேன். மைனஸ் அஞ்சு டிகிரி. எல்லாருக்கும் கஷ்டம். நான் மட்டும் போய்ட்டு வந்துடறேனே" என்றாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

பயணப் பேச்சுக்காக வீட்டில் கூடியிருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் கணவனைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"மைனசா?" என்றார் நாத்தனார் வீட்டுக்காரர், உற்சாகம்போல் ஒன்றை வரவழைத்துக்கொண்டு. "அருமை! எனக்கு டிராவல்ஸ்ல ஆள் இருக்கான். எட்டுப் பேரா போனா தனி வேன், கூடவே கைடு இலவசம். மைக் வெச்சுக்கிட்டு வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவான். எங்கப்பா அம்மாவையும் சேத்தா கணக்கு சரியா எட்டு!"

சம்பந்தி அம்மா மறுநாளே எட்டு ஸ்வெட்டர் வாங்கிவந்தார். எட்டும் கிளிப்பச்சை.

"கூட்டத்துல தொலைஞ்சு போகக் கூடாது பாரு" என்று அவள் தோளில் ஒன்றை வைத்து அளவு பார்த்தார்.

தொலைந்து போவதற்காகவே கிளம்பியவள் கையை நீட்டி அளவு கொடுத்தாள்.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

"சிரிக்காதீங்க சார். ஏதாவது வழி சொல்லுங்க. மைக்கு சார், மைக்கு!"

"மிஸ், பரீட்சை அன்னிக்கு நம்ம பசங்க என்ன பண்றாங்க?"

"வயித்துவலின்னு படுத்துக்கறாங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே. ஜுரம்னு படுத்துடுங்க. அவங்க போகட்டும். வீடே உங்களுக்குத் தீவு."

"எனக்கு நடிக்க வராது சார்."

"நாலு ட்ரிப்பு போட்டோல சிரிச்ச மூஞ்சியா நின்னீங்களே. அதுக்கு மேல ஒரு நடிப்பா?"

கிளம்ப வேண்டிய நாள் காலையில் பாட்டு டீச்சர் வெந்நீர்ப் பையை நெற்றியில் வைத்து ஒத்தியெடுத்து, போர்வைக்குள் காலடியில் ஒளித்துக்கொண்டாள். கால் சுட்டது. பல்லைக் கடித்தாள். அது நோய்க்களைக்கு நன்றாகவே பொருந்தியது.

மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஐயையோ, கொதிக்குதுடா!"

கட்டிலைச் சுற்றி ஏழு கிளிப்பச்சை ஸ்வெட்டர்கள் கூடின. கீழே வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ட்ரிப்பே வேணாம். எல்லாரும் இங்கயே இருந்து இவளைப் பாத்துக்குவோம்" என்றான் கணவன்.

ஏழு பேர். மூன்று நாள். இதே வீட்டில்.

"வேணாம்!" என்று எழுந்து உட்கார்ந்தே விட்டாள். பிறகு ஜுரம் ஞாபகம் வந்து தலையணையில் சரிந்தாள். "என்னால நீங்க போகாம இருந்தீங்கன்னா எனக்கு மனசே ஆறாது. தூங்கினாச் சரியாயிடும். போய்ட்டு வாங்க. எனக்காக."

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"அவளுக்கு ரெஸ்டுதாண்டா வேணும்" என்றார் மாமியார்.

"டாக்டரும் அதைத்தான் சொல்லுவாரு" என்றார் சம்பந்தி ஐயா.

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ சீக்கிரம் கிளம்புவோம்."

அதற்கு மறுபேச்சே இல்லை. கணவனை இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் முதலில் இறங்கிய காலடி சித்தப்பாவுடையதுபோல் கேட்டது. கீழே வேன் கதவு சாத்தியது. வண்டி போயிற்று.

பாட்டு டீச்சர் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு எழுந்து டிவியின் ஒயரைப் பிடுங்கினாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். மின்விசிறியும் டக் டக்கென்று தாளம் தப்பிச் சுற்றியது, அதையும் நிறுத்தினாள். கூடத்துத் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். ஒரு சத்தம் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் சத்தம் வருமே என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது.

போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, ஒரு இருமலைத் தயார் செய்து கதவைத் திறந்தாள். வேன் டிரைவர். கையில் மாத்திரை அட்டையும் ஒரு பை ஆரஞ்சுப் பழமும்.

"பெரியம்மா, அதான் உங்க மாமியார், குடுத்துட்டு வரச் சொன்னாங்கம்மா. ஜுரம் எப்படி இருக்கு?"

"பரவாயில்லப்பா. அதுக்குள்ள ஏர்போர்ட்டு போய்ட்டு வந்துட்டியா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஏர்போர்ட்டா? வண்டி மெயின் ரோடே ஏறலம்மா. உங்க நாத்தனார் வீட்டுலயே எல்லாரையும் இறக்கிவிட்டுட்டேன்."

"ஐயோ, ஃப்ளைட்டு?"

"போனாப் போகுதுன்னுட்டாங்க. கண்டக்டர் ஐயா போன உடனே டிவி முன்னாடி உக்காந்துட்டாரு. பெரியம்மா சோபாவுல காலை நீட்டிப் படுத்துட்டாங்க. ஸ்வெட்டரெல்லாம் ஒரு மூலைல குவிஞ்சு கெடக்குது."

"ஏம்ப்பா? என்னாச்சு அவங்களுக்கு?"

"சொல்லக் கூடாதுன்னாங்க." டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். ஆனால் சிரிப்பைத் தாழ்த்த முடியவில்லை. "'லீவு வந்தாப் போதும், தனியா போறேன் தனியா போறேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா, கூடப் போகலன்னா அவ மனசு ஒடஞ்சிடும்னு இவன் நம்ம எல்லார் கால்லயும் விழுந்து கூட்டிக்கிட்டு அலைஞ்சான், நாலு தடவை வாயை மூடிக்கிட்டு வந்தோம், இந்தத் தடவை கடவுளாப் பாத்து அந்தப் பொண்ணுக்கு ஜுரத்தைக் குடுத்தாரு'ன்னு வண்டி பூரா ஒரே சந்தோஷம்மா!"