மதிப்புக்காரருக்கு ஒரு வாடகை வீடு

வேலந்தாவளத்தைச் சுற்றி மதிப்புக்காரர் மிதிக்காத மண் கிடையாது. அவர் உட்கார்ந்த நாற்காலியும் கிடையாது. எழுபதுகளில் அந்தப் பாலக்காட்டு எல்லைப் பக்கம் இருந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். டீயை நின்றுகொண்டுதான் குடிப்பார். பஸ் காலியாக வந்தாலும் உட்காரமாட்டார்; முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்தபடியே வருவார். பாதித் தூரத்தை அவரே நடந்துவிடுவதால் அரை டிக்கெட் போதும் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். கல்யாணப் பந்தியில் பிடித்து இழுத்து உட்கார வைத்தால், இலை போடுவதற்குள் எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவார்.

நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போட்டுத் தருவது அவர் தொழில். யாராவது வங்கியில் கடன் கேட்டாலோ, அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலோ, அந்தச் சொத்து என்ன பெறும் என்று நேரில் பார்த்து எழுதித் தருவார். ஆபீஸ் கிடையாது, மேலதிகாரி கிடையாது, மாசச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் வேலை. கூப்பிடாத நாட்களிலும் சும்மா இருக்கமாட்டார். யாரும் கேட்காமலேயே மாட்டுச்சந்தைத் திடலைச் சுற்றிச் சுற்றி வந்து அதற்கு ஒரு மதிப்புப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கென்று ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவார், அதைத்தான் யாராலும் படிக்க முடியவில்லை.

நான் அப்போது சந்தைக்குப் போகும் வழியில் டைப்பிங் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு பழைய மிஷின், நான். அவருடைய ரிப்போர்ட்டெல்லாம் என்னிடம்தான் அடிக்க வரும். அவர் தமிழில் சொல்லுவார். நான் மனப்பாடமாக வைத்திருந்த இங்கிலீஷில் அடிப்பேன். அதில்தான் சிக்கல். “எழுதிக்கங்கம்மிணி, கெழக்கே…” என்று மிஷினுக்குப் பக்கத்தில் ஆரம்பிப்பார். கிழக்கே என்ன இருக்கிறது என்பது தெருவிலிருந்து கேட்கும். மேற்கு எல்லையை டீக்கடை வாசலில் நின்று சொல்லுவார். தெற்கு, பஸ் ஹாரனில் போய்விடும்.

எதிர்க்கடை ராவுத்தர் மாட்டுக்குக் கயிறும் மணியும் விற்பவர். என் தவிப்பைப் பார்த்துப் பாவப்பட்டு, காற்றில் போன சொற்களை அவர்தான் எனக்குத் திருப்பிச் சொல்லுவார். ஒருநாள் ராவுத்தர் வெளியூர் போயிருந்தார். நான் காதில் விழுந்ததை விழுந்தபடி அடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வங்கி மானேஜர் ஆளனுப்பிக் கேட்டார்: வடக்கு எல்லை என்ற இடத்தில் ‘சர்க்கரை குறைவாக ஒரு டீ’ என்று இருக்கிறதே, அது பட்டாவா புறம்போக்கா?

அந்தத் தொழிலில் சுகம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. டேப்பும் கையுமாக ஒரு வீட்டு வாசலில் நின்றால், ஜப்தி செய்ய வந்தவர் என்று நினைத்து அங்கே அழ ஆரம்பித்துவிடுவார்கள். நாய்கள் அழுவதில்லை, நேராகக் காலுக்கு வரும். பாகப் பிரிவினைக்குப் போனால், அண்ணன் பங்குக்குப் போட்டது குறைவு என்று தம்பியும், அதிகம் என்று அண்ணனும் கத்துவார்கள். இரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்கிற கடைசிக் காரியம் இவரைத் துரத்துவதுதான்.

இடுக்கியில் ஆனைக்கரைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வந்தார். நல்ல மழை. தோட்டக்காரர் கொட்டகையில் உட்கார்ந்தபடி குடையை நீட்டி, எல்லை அந்த மரம் வரைக்கும் என்று காட்டியிருக்கிறார். இவர் கேட்பாரா? மழையிலேயே முழுத் தோட்டத்தையும் நடந்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். வந்து ராவுத்தரிடம், நிற்கிறவனைத்தான் அட்டை பிடிக்கும், நடக்கிறவனை ஒன்றும் செய்யாது என்று அளந்துகொண்டிருந்தார். அப்போது அவர் காலில் முழங்கால் வரைக்கும் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவியிருந்தது.

இப்படி ஊரார் வீட்டுக்கெல்லாம் மதிப்புப் போட்டவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்காமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். மதிப்புக்காரரும் அவர் மனைவி ருக்குமணி அக்காவும் இரண்டு பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வீடு தேட ஆரம்பித்தார்கள். எங்கே போனாலும் முதல் கேள்வி, என்ன ஜோலி என்பதுதான். சொந்தத் தொழில் என்பார் இவர். அப்படியென்றால் ஜோலி இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள்.

சாத்தாத கதவுகளை அவரே சாத்தவைத்தார். ஒரு வீட்டில், மேற்குச் சுவர் சாய்ந்திருக்கிறது, இரண்டு மழை தாங்காது என்று சொந்தக்காரரிடமே சொன்னார். அவர் வெளியே போகச் சொல்லிவிட்டார். இன்னொரு வீட்டில் எல்லாம் கூடிவந்தது. சாவி வாங்கக் கை நீட்டிய நேரத்தில், இந்த வீட்டுக்கு நீங்கள் கேட்கிற வாடகை ரொம்பக் குறைவு என்று மனப்பூர்வமாகச் சொல்லிவைத்தார். சொந்தக்காரர் யோசித்தார். சாவி அவர் மடிக்கே திரும்பிப் போனது. மறுநாள் அந்த வீட்டுக்கு வாடகை ஏறியது. வேறு யாரோ குடிவந்தார்கள்.

சாவி கைநழுவிய அன்று சாயங்காலம் ருக்குமணி அக்கா என் கடைக்கு வந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி. மிஷின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: “ஒரு அப்ளிகேசன் அடிச்சுக் குடு அம்மிணி. ஊருல இருக்கற சொவுத்தையெல்லாம் அளக்கறாரு, எங்களுக்குன்னு நாலு சொவுரு இல்ல.”

பாலக்காட்டில் ஒரு சீட்டுக் கம்பெனி. சீட்டு எடுத்தவர்கள் ஈடு வைக்கிற நிலங்களுக்கு மற்றவர்கள் போட்டுவந்த மதிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஸ்திரமான வேலை, மாசச் சம்பளம், மேலே மின்விசிறி. அப்ளிகேஷன் போன வேகத்தில் ஆர்டர் வந்தது. எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவர் அந்த ஆர்டரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வீட்டை வாடகைக்குக் கொடுத்தார். ‘ஆபீசர் ஊடு’ என்று தெருவில் சொல்லிக்கொள்ளவும் செய்தார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை மதிப்புக்காரர் என் கடைக்கு வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. ஆபீசில் எழுந்து நடக்கச் சாக்கு வேண்டுமென்று அடிக்கடி கொல்லைப்புறம் போய்வந்திருக்கிறார். அதைப் பார்த்த பியூன், நீர்க்கடுப்பு என்று முடிவுகட்டி, தினமும் ஒரு செம்பு பார்லித் தண்ணீரை மேசையில் வைக்க ஆரம்பித்துவிட்டாராம். அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் குடித்து, அப்புறம் நிஜமாகவே ஓடவேண்டியதாகிவிட்டது.

“அது கெடக்குதுங்கம்மிணி. பாக்காத நெலத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எனக்குத் தூக்கமே வர்றதில்ல” என்றார்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம், பார்க்காத ஏதோ ஒரு தென்னந்தோப்பு ரிப்போர்ட்டை மேலாளர் நீட்டியிருக்கிறார். இவர், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். தோப்பைப் பார்த்தார். ஆபீசுக்குத் திரும்பவில்லை. நேரே என் கடைக்கு வந்து, மேசையைச் சுற்றி நடந்துகொண்டே தோப்பின் நான்கு எல்லையையும் சொல்லி முடித்தார். இனி அங்கே போவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். நான் அதையும் சேர்த்து அடித்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் செக்குக்காரர் காதுக்குப் போகும். போனால் வீடு போகும். ஆகவே தினமும் காலையில் கஞ்சி போட்ட சட்டையுடன் பாலக்காட்டு பஸ் ஏறுவார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வரப்பு வழியாக மறைந்து, பழையபடி கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மதிப்புப் போடப் போவார். சாயங்காலம் அதே ஸ்டாப்பில் ஏறி வந்து இறங்குவார். ரிப்போர்ட் சொல்ல வேண்டுமானால் ராவுத்தர் கடையின் பின்கதவு வழியாக நுழைந்து, கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே கிசுகிசுப்பார். ராவுத்தர் தெருவைத் தாண்டி வந்து என்னிடம் சொல்லுவார். எங்கள் இரண்டு பேருக்கும் தொழில் ஓடவில்லை. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் திடுக்கென்றிருக்கும்.

ஒருநாள் ருக்குமணி அக்காவே வந்துவிட்டார். கடைத்தெருவுக்கு வந்த இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாவகாசமாகப் புது வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்குள் மதிப்புக்காரர் நடந்துகொண்டிருந்தார். அவர் தோள் இடிக்கும்போதெல்லாம் அங்கே தொங்கிய மாட்டுமணிகள் கலகலத்தன.

“ஏனுங்க ராவுத்தரே, உள்ள மாடு கீது நிக்குதுங்களா?” என்றார் அக்கா.

“ஒண்ணு இருக்கும்மா. கட்டிப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது” என்றார் ராவுத்தர், கயிறு திரிப்பதை நிறுத்தாமல். அக்கா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் என் கடை விலாசத்துக்கு அந்தக் கடிதம் வந்தது. செக்குக்காரர் தன் மரச்செக்கை மாற்றிக் கரண்ட்டில் ஓடுகிற செக்கு வாங்க நினைத்திருக்கிறார். வாடகைக்கு விட்ட வீட்டை ஈடு வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்கு மதிப்புப் போட்டுத் தரச் சொல்லி வங்கி எழுதியிருந்தது நம் மதிப்புக்காரருக்கு.

முடியாது என்று எழுதிவிடலாம் அண்ணா என்றேன். அவர் என் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஒருக்கா முடியாதுன்னா அப்பறம் கூப்பிட மாட்டாங்கம்மிணி. இந்தத் தொழில்ல லீவு கெடையாது” என்றார். டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ராவுத்தரைக் கூப்பிட்டார். ராவுத்தர் சந்தை நாள் என்று கையை விரித்தார். அன்று சந்தை நாளே இல்லை. கடைசியில் நான்தான் போனேன்.

செக்குக்காரர் வாசலில் காத்திருந்தார். மதிப்புப் போட வருகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்சுவருக்கு மட்டும் அன்று காலையில் வெள்ளையடித்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், “ஏனுங்க, இன்னைக்கு ஆபீஸ் லீவுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

மதிப்புக்காரர் நின்றார். அந்த மனுஷன் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். செக்குக்காரர் டேப்பைப் பார்த்தார்; அதன் மறுமுனையில் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல விஷயம் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் கதவு திறந்தது. ருக்குமணி அக்கா வெளியே வந்தார். புருஷனைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஊடு அளக்க வந்தவருங்களா? வாங்க. செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க, இப்பத்தான் மொழுகியிருக்குது.”

அவர் தன் வீட்டுக்குள் விருந்தாளியைப் போல நுழைந்தார். அக்கா முன்னால் நடந்து ஒவ்வோர் அறையாகக் காட்டினார். சமையல்கட்டில் புகை போக வழியில்லை என்றார். அவர், சரிங்க, எழுதிக்கங்கம்மிணி என்றார். நடு அறையில் ஓடு ஒழுகுகிற இடத்தைக் காட்டினார். அதெல்லாம் எதுக்குங்க என்று செக்குக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். அக்கா கிணற்றடிக்குப் போய், இந்தத் தண்ணீர் நல்ல கோடையிலும் வற்றாது, இந்தத் தெருவில் வேறெந்தக் கிணற்றுக்கும் அந்த ராசி இல்லை, அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். கிணற்றால் மதிப்பு ஏறியது. வாசலுக்கு வந்து மதிப்புக்காரர் சொன்ன தொகையில் கரண்ட் செக்கு தாராளமாக வந்துவிடும்.

செக்குக்காரருக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வெள்ளையடித்த ஈரச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “மாசச் சம்பளக்காரருன்னுதானுங்க ஊடு குடுத்தேன்.”

“ஆடியில இருந்தே அவருக்குச் சம்பளம் இல்லீங்க” என்றார் அக்கா. “அதுக்கப்பறம் எந்த மாசத்து வாடக நின்னு போச்சுன்னு சொல்லுங்க.”

மதிப்புக்காரர் சட்டென்று திரும்பி அக்காவைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். செக்குக்காரர் மட்டும் கூரையைப் பார்த்து மனசுக்குள் மாசங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. சமையல்கட்டில் புகைபோக்கி வைத்துத் தருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளங்கை நிறைய வெள்ளையோடு தெருவில் இறங்கி நடந்தார்.

பிறகு ஒருநாள், எப்படி அக்கா உங்களுக்குத் தெரிந்தது என்று கேட்டேன்.

ஆபீசுக்குப் போன நாளிலிருந்து அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாராம். திடீரென்று ஒருநாள் ராத்திரி மறுசோறு கேட்டாராம். அன்றைக்கே புரிந்துபோயிற்று என்றார் அக்கா. அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் ராவுத்தரும் எத்தனை நாள் பயந்து செத்தோம் தெரியுமா என்றேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்:

“கேட்டன்னா எனக்காவ மறுநாளே அந்த ஆபீசுக்குத் திரும்பப் போயிருவாரு அம்மிணி. அதான் கேக்கல.”