கரிசலில் நான் இறக்கிய ஏரோப்ளேன்

நான் வாயைத் திறந்து சொன்ன பொய்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் அடுத்தவர்களே என்னைப் பற்றி உயர்வாக ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். நான் மறுக்காமல் இருந்துவிடுவேன். அப்படி மறுக்காமல் இருந்த பாவத்துக்கு, ஒருநாள் வானத்திலிருந்து ஓர் ஏரோப்ளேனே இறங்கி வந்து என் மானத்தை வாங்கியது.

யுத்தம் முடிந்து வந்தவன், சங்கரன்கோவிலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். 'விமானப் படையில் மூன்று வருஷம்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அது சத்தியம். ஸ்டோர் குமாஸ்தாவாக உட்கார்ந்து, பறக்கிறவர்களுக்குக் காலுறையும் கம்பளியும் எடுத்துக் கொடுத்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. (தாளில் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) தலைமை ஆசிரியரோ நான் மேகத்துக்குள் குடித்தனம் நடத்தியவன் என்று முடிவுகட்டிவிட்டார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு தை மாதம் என்னைக் கூப்பிட்டார்.

"வே, பத்தாங்கிளாஸ் பயலுவளுக்கு ஏரோப்ளேன் எப்படி ஏறுது, எப்படி எறங்குதுன்னு சொல்லிக்குடும். நானும் வந்து பாக்கேன். நல்லா இருந்தா உம்ம வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி கமிட்டிக்கு எழுதுதேன்."

வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று சிவகிரியில் ஒரு வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பெண்ணை நான் பார்த்துவிட்டேன் என்பதுதான் சிக்கல்.

ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. ஏரோப்ளேன் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரிவதற்காக, தரையில் வெள்ளைத் துணியால் ஆங்கில 'டி' எழுத்தை விரித்து வைப்பார்கள். தலைப்பக்கம் காற்று வரும் திசையில் இருக்கும். காலில் ஆரம்பித்துத் தலையைப் பார்த்து வந்து இறங்க வேண்டும். என் மொத்த ஞானமும் இவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே விதைக்காமல் கிடந்த கரிசல் காட்டுக்குப் பையன்களை அழைத்துப் போனேன். பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் புது வேட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய 'டி' ஒன்றை விரித்தோம். வாடைக்காற்று அடித்ததால் தலையை வடக்கே வைத்தேன். அப்போதுதான் குடையோடு தலைமை ஆசிரியர் வந்து சேர்ந்தார். பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்னவே இது! தலைய வடக்க வச்சிருக்கீரு? வீட்டுல பாயக்கூட அப்படி விரிக்க மாட்டோமே! பள்ளிக்கூடத்துக்கு ஆகுமா?"

"சார், காத்து வடக்கேயிருந்து..."

"காத்து எங்கேயிருந்தும் வரட்டும். நெசமாவா ஏரோப்ளேன் எறங்கப் போகுது? திருப்பி வையும்!"

நிரந்தர வேலையை நினைத்தேன். சிவகிரியை நினைத்தேன். திருப்பி வைத்தேன்.

"சார், அப்போ காத்து தெக்கேயிருந்து வருதுன்னுல்லா அர்த்தம் ஆகுது?" என்றான் முதல் வரிசைப் பையன்.

"பேசாம நில்லுலே" என்றேன். (பாடத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.)

கால் மணி நேரம் போயிருக்கும். மேற்கே ஓர் இரைச்சல். சின்ன ஏரோப்ளேன் ஒன்று வந்து எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்தது. "பாருங்கள், இதுதான் வட்டமடிப்பது" என்று நான் பெருமையாக விளக்கினேன். இன்னொரு வட்டம் வந்தது. இந்தத் தடவை உயரம் குறைந்திருந்தது.

"என்னவே, கீழ எறங்குதுல்லா?"

"ஆமா சார்."

"எதுக்குவே?"

"நாம கூப்பிட்டிருக்கோம் சார்."

இரண்டு கைகளையும் வீசி, "வேண்டாம், வேண்டாம்!" என்று கத்தினேன். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்த நாற்பது பையன்களும் கையை வீசினார்கள். விமானி சந்தோஷமாகப் பதிலுக்குக் கை வீசினார்.

ஏரோப்ளேன் வடக்கேயிருந்து வந்து தரையைத் தொட்டது. பின்னாலிருந்து வாடை தள்ள, நிற்கவே இல்லை. வேட்டிகளைச் சுருட்டிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடி, முள்வேலியைப் பிய்த்து, அடுத்த காட்டில் இருந்த சோளத்தட்டையை அடுக்கிக் குவித்த படப்புக்குள் கழுத்து வரை புகுந்து நின்றது. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

படப்புக்குள்ளிருந்து தலையெல்லாம் தட்டையோடு ஓர் இளைஞர் இறங்கி வந்தார். ஒரு கீறல் இல்லை. வழி தவறி, பெட்ரோலும் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் 'டி'யைப் பார்த்திருக்கிறார்.

"யார் இதை விரிச்சது? காத்துக்கு நேர்மாறா இருக்கு! நான் செத்திருப்பேன்!"

தலைமை ஆசிரியர் குடையைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்தார். அப்படிக் கெஞ்சுகிற ஒரு பார்வையை அவரிடம் நான் அதற்குமுன் கண்டதில்லை.

"நான்தான் விரிச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உயிர் தப்பி வந்தவர் முன்னால் பாதி உண்மையோடு நிற்க முடியவில்லை. "எனக்கு ஏரோப்ளேன் ஓட்டத் தெரியாது. யுத்தத்துல ஸ்டோர்ல இருந்து காலுறை குடுத்தேன்."

நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. விமானி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும் வழியில் தலைமை ஆசிரியர் குடையை என் பக்கமும் சாய்த்துப் பிடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலுறை விஷயம் என் காதுல விழல. தலை விஷயம் நீரும் எங்கயும் பேசாதிரும்." அடுத்த மாதமே வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு வந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பையன்கள் திறந்தார்கள். ஏரோப்ளேன் இறங்கிய அன்று சாயங்கால பஸ்ஸிலேயே சங்கதி சிவகிரிக்குப் போய்விட்டது. கல்யாணம் நின்றுவிடும் என்று நான் சோறு இறங்காமல் கிடக்க, பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை பறக்கலேன்னா நல்லதுதான், வீட்டோட கெடப்பாரு" என்று நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்தான் என் மனைவி. இன்றைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாயைக் கையில் எடுத்தால் போதும், விருந்தாளிகள் இருந்தாலும் விடமாட்டாள்.

"செத்தப் பொறுங்க, விரிச்சிராதீங்க" என்று முற்றத்துக்குப் போய், நெற்றிக்கு மேல் கையை வைத்து வானத்தை நான்கு பக்கமும் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்: "ஒண்ணும் வரல. இனிமே எந்தப் பக்கம் வேணும்னாலும் தலைய வைங்க."