தையல் மிஷின் மிதியில் ஓடும் விமானம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
சனிக்கிழமை பிற்பகல்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை ஸ்டீவ் அவர்களுக்கு,

மாமனார் ஆம்ப்ரோஸ் எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இங்கே நானும் உங்கள் மாமியார் ஐவியும் சுகம். மெல்போர்னில் நீங்களும் மகள் ஜொவிட்டாவும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். முக்கியமான முடிவுகள் எழுத்தில் இருப்பதுதான் முறை. தவிர, போன் எனக்கு எட்டாத இடத்தில் சார்ஜில் கிடக்கிறது. அது ஏன் எட்டவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முடிவு இதுதான். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு ஐவி மட்டும் வருவாள். நான் வரவில்லை. "அப்பா வந்தாத்தான் பிள்ளை தலையில தண்ணி" என்று ஜொவிட்டா பிடிவாதமாக இருப்பது தெரியும். நீங்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, நான் முழங்கால் வலி என்று சொல்லி, நீங்கள் தேதியை மாற்றி, நான் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி, இப்படியே தள்ளிக்கொண்டு போனதில் பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஐவி தைக்கும் ஞானஸ்நான கவுனும் பிரித்துப் பிரித்து அகலமாகிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஏழெட்டு வயதில் வாங்குகிற புதுநன்மைக்கே அதைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள். ஆகவே என்னை எதிர்பார்க்காமல் நடத்திவிடுங்கள்.

காரணத்தை மறைக்க விரும்பவில்லை. பயம், மாப்பிள்ளை. பணிக்காலம் முழுக்க பூகோள ஆசிரியராக உலக உருண்டையைச் சுற்றிக் காட்டியவன் நான். ஆனால் நங்கநல்லூரில் என் தம்பி வீட்டு மொட்டை மாடியில் நிற்கும்போது விமானம் தாழ்வாகப் போனால் தலையைக் குனிந்துகொள்வேன். இதை அறிந்துதான் நீங்கள் ஜாய்ஸ்டிக் என்கிற கைப்பிடியும் அந்த விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டும் அனுப்பி, "தெரியாததாலதான் பயம் வருது மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றீர்கள். நல்ல எண்ணம்தான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியேதான் இருந்தது. செய்வதைத் திருந்தச் செய்வோம், விமானி உட்காருகிற மாதிரியே ஓர் அமைப்பைக் கட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய கார் சீட் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் வலியுல்லா, "இன்னா வண்டிக்கு சார்?" என்றார். பொய் சொல்ல மனம் வராமல் ஏரோப்ளேனுக்கு என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஏரோப்ளேனுக்கு முன்னாடி சீட்டா, பின்னாடி சீட்டா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ ஒரு காரின் முன்சீட்டை இழுத்துப் போட்டார். கூடவே, பந்தயத்துக்குப் போன பழைய ஜீப்பில் இருந்ததாம், இரண்டு தோளிலும் இடுப்பிலும் மாட்டுகிற பெல்ட் ஒன்றையும் காட்டி, "ஸ்ட்ராங்கா கீது சார், ஒரு தபா போட்டா ஆளு நவுர மாட்டான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதை இப்போது உணர்கிறேன்.

சீட்டை ஒட்டுப்பலகையில் வைத்து முடுக்கினேன். இரண்டு பக்கமும் பலகை அடைத்தேன். எதிரே கம்ப்யூட்டரை வைத்தேன். விமானத்தில் முன்னால் ஒரு பை இருக்கும், அதில் வாந்தி எடுக்கிற கவர் வைத்திருப்பார்கள் என்று ஜொவிட்டா சொன்னது நினைவுக்கு வந்து, ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, கவரும் எழுதுகிற அட்டையும் பேனாவும் போட்டு வைத்தேன். மீதி இருந்தது காலுக்கு மிதி. விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்புவது கால்தானாமே! வீடு முழுக்கத் தேடியதில் அதற்குத் தோதாக இருந்தது ஐவியின் தையல் மிஷின் மிதி ஒன்றுதான். குறுக்காகத் திருப்பி வைத்தால் இடது கால் ஒரு பக்கம், வலது கால் ஒரு பக்கம், அச்சு அசலாகப் பொருந்தியது. புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பிரித்து உள்ளிருந்த திருகுக் குமிழை மிதியோடு கட்டினேன், வேலை செய்தது. ஐவி மதியம் கவுனை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து காலை வைத்தபோது அங்கே வெறும் தரை இருந்தது. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூணாம் நாள் மீன் வாங்கி வரச் சொன்னாள். கவுன் கழுத்துப் பட்டியோடு நிற்கிறது.

புது வண்டி என்றால் மந்திரிக்காமல் ஏறக்கூடாது, அது நம்ம வீட்டு வழக்கம், உங்களுக்கே தெரியும், உங்கள் பைக்கைக்கூட ஓட்டாமல் வேளாங்கண்ணிவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மந்திரித்தோமே. வீடு மந்திரிக்க வந்த எங்கள் பங்குச் சாமியாரிடம் இதையும் ஒரு ஜெபம் சொல்லி மந்திரித்துவிடுங்கள் ஃபாதர் என்றேன். அவர் சுற்றிவந்து பார்த்தார், இது எந்த வகை வண்டி என்று கேட்டார், ஆகாய வண்டி என்றதும் சரியென்று ஜெபத்தை ஆரம்பித்தார். நல்ல மனுஷர், கையும் தாராளம். தீர்த்தத்தை அவர் தெளித்த தெளிப்பில் கீபோர்டு நனைந்து, வேகத்தைக் கூட்டுகிற பொத்தான் அமுங்கினது அமுங்கினபடியே நின்னுபோச்சு. அன்றிலிருந்து விமானம் ஏறுகிறது, பறக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அதற்கு முன்னால் மட்டும் ஒழுங்காக இறக்கினேனா என்றால் அதுவும் இல்லை. மீனம்பாக்கத்தில் கிளம்பி ஒருமுறை அடையாற்று முகத்துவாரத்தில் விழுந்தேன், ஒருமுறை நந்தனம் கல்லூரி மைதானத்தில், ஒருமுறை கோட்டூர்புரம் நூலகத்தில். நூலகத்தில் மோதியதற்கு ஆசிரியர் என்ற முறையில் ரொம்ப நேரம் வருத்தப்பட்டேன். தெரியாததால் பயம் என்றீர்கள். எனக்குத் தெரிந்த பிறகுதான் முழுசா பயம் வந்துச்சு.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஐவி கோயிலில் பாட்டுப் பயிற்சிக்கும், அது முடிந்து தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கும் போயிருக்கிறாள். கடைசியாக ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று ஏறி உட்கார்ந்து, முதல்முறையாக வலியுல்லாவின் பெல்ட்டையும் மாட்டி, மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தைக் கிளப்பினேன். போதும், எழுந்துவிடலாம் என்று பார்த்தால் மாட்டிய பெல்ட் கழலவில்லை. அமுக்கினேன், இழுத்தேன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. சீட்டை நானே பலகையோடு முடுக்கியிருப்பதால் நகர்த்தவும் முடியாது. சத்தம் போட்டால் கீழ் வீட்டு சாருலதா டீச்சர் ஓடி வருவார், அவர் வந்து பார்த்தால் நாளைக்கே லஸ் கார்னர்வரை தெரிந்துவிடும். அதனால்தான் பையில் இருந்த அட்டையையும் பேனாவையும் எடுத்து உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே விமானம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கீழே கடல். நான் அதைக் கண்டுகொள்வதில்லை. வீட்டுக்குள் கட்டின விமானத்திலிருந்தே இறங்கத் தெரியாதவன், நிஜ விமானத்தில் ஏறுவது பேத்திக்கே மரியாதை இல்லை. என் முடிவில் மாற்றமில்லை.

பேத்தியின் நெற்றியில் என் சார்பில் ஒரு சிலுவை போடவும். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கம். ஜொவிட்டா அழுதால், அப்பாவுக்கு முழங்கால் வலி என்றே சொல்லவும். உங்கள் மூவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு மாமனார்
ஆம்ப்ரோஸ்

பின்குறிப்பு: மேலே கண்ட முடிவை ரத்து செய்யவும். எழுதி முடித்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். ஐவி வந்து எழுப்பித்தான் கண் திறந்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். கவுன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தவள், அது மழுங்கிவிடும் என்று வைத்துவிட்டு, மீன் கத்தியைக் கொண்டுவந்து அறுத்தாள். பாதி அறுக்கும்போதுதான், "எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க?" என்றாள். நீ போனதிலிருந்து என்றேன்.

"பயமா இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. பசிச்சுது."

"ஏரோப்ளேன்ல சோறு போடுவாங்க" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் அறுத்தாள்.

எழுந்தபோது எதிரே திரையைப் பார்த்தேன். கீழே சுமத்ரா. பூகோளம் நடத்தியவனாகச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு வழி அதுதான். மூன்றில் ஒரு பங்கு தூரம் நான் குறட்டை விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். பேத்தி தலையில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நிற்க எனக்கு ரொம்ப ஆசை, மாப்பிள்ளை. இவ்வளவு நீளக் கடிதத்தில் அதை ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். மிதியைக் கழற்றி ஐவியிடம் கொடுத்துவிட்டேன். மிஷின் சத்தம் கேட்கிறது, கவுனுக்குக் கை வைக்கிறாள். பிள்ளையின் இப்போதைய அளவை இன்றே அனுப்பவும். இனிமேல் அகலப்படுத்த மாட்டாளாம்.

நாங்கள் இருவரும் வருகிறோம். விமானத்தில் பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்பதை மட்டும் படம் போட்டு அனுப்பிவிடுங்கள். மீன் கத்தியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்களாம்.