துண்டு அங்கிள் மருந்தடித்த நாள்

எங்கள் கிள்ளான் ஊரில் மேகத்தைப் பார்த்து மழை சொல்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். துண்டைத் தொட்டுப் பார்த்து மாமரத்துக்கு வரும் நோயைச் சொன்னவர் துண்டு அங்கிள் ஒருவர்தான்.

என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாந்தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் அங்கே காய்க்குக் காகித உறை மாட்டுவேன். மரம் பூத்ததும் கிளைக்குக் கிளை வெள்ளைத் துண்டு கட்டுவார். காலை பத்து மணிக்கும் துண்டு காயவில்லையென்றால் பூவும் காய்ந்திருக்காது, பூஞ்சணம் பிடித்துக் கருகிவிடும் என்பது அவர் கணக்கு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். ரோட்டில் போன ஓர் அம்மா டோபிக் கடை என்று நினைத்து, புடவைக்குக் கஞ்சி போடுவீர்களா என்று கேட்டார். அங்கிள் அவருக்குப் பூஞ்சணத்தைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார். அப்புறம் அந்த அம்மா அந்த ரோட்டுப் பக்கமே வரவில்லை.

மழைக்கு முன்னாலேயே மருந்தடிக்க வேண்டும் என்று அங்கிள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் தோட்டத்து முதலாளி கேட்கவில்லை. இரண்டு பருவம் பழமெல்லாம் கரும்புள்ளி. மூன்றாவது பருவத்தில் ஒரே ஒரு தடவைக்கு மருந்து வாங்கித் தந்தார். இதுவும் கெட்டால் மரங்களை வெட்டிவிட்டு லோரி நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்தா எனக்குக் கை நமநமக்க வேண்டும்? அழுக்கேறிக் கிடந்த துண்டுகளை ஒரு நாள் விடிந்ததும் சோப்புப் போட்டுத் துவைத்து, அதே கிளைகளில் கட்டிவிட்டேன். பத்து மணிக்கு அங்கிள் வந்து தொட்டார். இன்னும் ஈரம். முகர்ந்தார். நோட்டைப் புரட்டினார். மருந்தைக் கலக்கச் சொன்னார். வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. நான் உண்மையைச் சொல்லாமலே மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன்.

முதலாளி வந்தபோது எல்லாம் அடித்து முடிந்திருந்தது. "வெயில் மண்டையப் பொளக்குது, இருந்த மருந்தையும் தீத்துட்டீங்களே லா."

"சாயங்காலம் பேசிக்கலாம் பாஸ்."

சாயங்காலம் வானமே பேசியது. மூன்று நாள் விடாத மழை. பக்கத்துத் தோட்டத்தில் பூவெல்லாம் கருகிக் கொட்டின. எங்கள் மரங்களில் கிளை தாங்காத காய். லோரி நிறுத்த நினைத்த முதலாளி, செலாயாங் பாசாருக்குப் பழம் ஏற்ற லோரி தேடி அலைந்தார்.

அன்றைக்குத்தான் அங்கிளிடம் போய், துண்டை நனைத்தது நான்தான் என்றேன்.

"தெரியும்க்கா. சோப்பு வாசம் வந்துச்சே."

"அப்புறம் எதுக்கு மருந்தடிச்சீங்க?"

நோட்டை நீட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மழை என்று குறித்த ஒவ்வொரு வரிக்கும் மேல்வரியில், 'அக்கா துணி துவைத்தார்' என்று எழுதியிருந்தது.

"துண்டுகூட ரெண்டு தடவ தப்பா சொல்லிருக்குக்கா. நீங்க ஒரு தடவகூட இல்ல."

இப்போதும் மரம் பூத்துவிட்டால், வேலிப் பக்கம் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் துணியை ஊறவைப்பதில்லை.